வயிறு வலிக்குதா, முயல் வலிக்குதா?

மதகடிப்பட்டுன்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு குண்டாங்குழி மகாதேவர் கோயில். இன்னொண்ணு செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. எனக்கு மூணாவதா ஒண்ணு உண்டு: சீன மொழி! சிரிக்காதீங்க மக்களே :-)

எங்க அக்கா பையன் சீனாவுல டாக்டருக்குப் படிச்சான். 2020 ஜனவரியில லீவுக்கு வந்தவன் கொரோனாவுல மாட்டிக்கிட்டான். திரும்ப மாணவர் விசா குடுக்க ஆரம்பிச்சது 2022 ஆகஸ்ட்லதான். அதுவரைக்கும் எங்க வீட்டுத் திண்ணைதான் அவனுக்குப் பல்கலைக்கழகம். அங்க காலை 8 மணி வகுப்புன்னா நமக்கு விடியக்காலை 5.30!

மருத்துவப் பாடம் ஆங்கிலத்துலதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்ற சீனப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியணுமே? அதனால சீனமும் கட்டாயம். எச்.எஸ்.கே. தேர்வுல நாலாம் நிலை தேறணும். பழைய கணக்குப்படி 1200 சொல்.

பக்கத்துல உக்காந்து கேட்டதுல எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. 'மாய்'னு குரலைத் தாழ்த்தி ஏத்தினா 'வாங்கு'. அதையே வெட்டினாப்ல இறக்கினா 'வித்துடு'. நம்ம மாட்டுச் சந்தையில இந்த மொழியை விட்டா, விக்க வந்தவர் இன்னொரு மாட்டையும் ஓட்டிக்கிட்டுத்தான் வீடு போவார்.

தொனியைக்கூடப் பழகிடலாம். நம்மளைக் கவுக்கிறது மூச்சு. சீனத்துல வயிறும் 'டூட்ஸ', முயலும் 'டூட்ஸ'. தொனியும் ஒண்ணேதான். முயலுக்கு மட்டும் 'ட' சொல்றப்போ காத்து வெளிய வரணும். தமிழ் எழுத்துல இந்த வித்தியாசமே கிடையாது, அதனால நம்ம காதுக்கும் சட்டுனு புடிபடாது. நோயாளிகிட்ட "முயல் வலிக்குதா?"ன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவார். ஆனா அவர் சொல்றதை டாக்டர் தப்பாக் கேட்டா சிரிக்க முடியாது. பையன் வாய்க்கு முன்னாடி காகிதத் துண்டைப் புடிச்சு, அது ஆடுதா ஆடலையான்னு பார்த்துப் பார்த்துப் பழகினான்.

ஆனா நமக்குச் சாதகமும் நிறைய இருக்கு. ஆங்கிலப் புத்தகம் எல்லாரையும் 'அங்கிள்'னு முடிச்சுடும். சீனத்துல பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷு', தாய்மாமன் 'ஜியோஜியோ' (ஆமாங்க, நான்தான். சிம் கார்டு பேர் மாதிரியே இருக்கு!). அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல். முன்பின் தெரியாதவங்களையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடறாங்க. தமிழ்ப் பிள்ளைக்கு இதுல புதுசா விளக்க என்ன இருக்கு?

அப்புறம் நம்ம 'ழ'. மனுஷன்ங்கிற சீனச் சொல்லை ஆங்கில எழுத்துல 'ரென்'னு எழுதறாங்க. நாக்கை 'ழ'வுக்கு மடக்கி வச்சுட்டுச் சொல்லிப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஆங்கிலம் வழியாச் சீனத்துக்குப் போறது ஊரைச் சுத்திக்கிட்டுப் போற வழி. தமிழ்லேர்ந்து நேர்வழியே இருக்கு. சீனாவுல வேலை பார்த்த 'பயணி' (ஸ்ரீதரன் மதுசூதனன்) அந்த நாட்டுப் பழங்கவிதைகளைச் சீனத்துலேர்ந்தே நேரடியாத் தமிழாக்கினார். 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை'ங்கிற அந்தத் தொகுப்பு 2012ல வந்தது. அந்தப் பக்கத்துலேர்ந்தும் வர்றாங்க: பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்துல 2018ல தமிழ்ப் பாடம் தொடங்கினாங்க.

நம்ம கிராமத்துப் பிள்ளைங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி அங்க போறாங்க. விமானம் ஏறுறதுக்கு முன்னாடி, வலி, காய்ச்சல், உறவுமுறை எல்லாத்தையும் தமிழ்லேர்ந்தே சொல்லித்தர்ற ஒரு மூணு மாசப் பாடம் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்! சீனா போய்ப் படிச்சவங்க உங்க வீட்டுல இருந்தா, எந்தச் சொல் அவங்களை ரொம்பப் படுத்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. சேர்த்து வைப்போம்.