பர்மிங்ஹாமில் விடை கண்ட பாட்டனாரின் துப்பாக்கி

உங்கள் பாட்டனார் விட்டுச் சென்ற பழம்பொருள் ஏதேனும் இல்லத்தில் உண்டா? அதைப் பற்றி நீங்கள் கேட்டு வளர்ந்த கதை மெய்தானா என்று ஆராய்ந்தது உண்டா? அத்தகைய ஆராய்ச்சி ஒன்று என்னை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு இட்டுச் சென்றது.

மர்ஹூம் நன்னா உரிமம் பெற்று வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி விந்தையான தோற்றமுடையது. குழல்களெங்கும் நீர்ச்சுழி போன்ற கோலங்கள். விசையைக் காக்கும் வளையத்தின் கீழே நீண்டதொரு பிடி. அதனைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் தோட்டா இடும் வாய் திறக்கும். குழல்களின் மேல் மதராஸ் வணிகர் ஒருவரின் பெயர். கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கான் எங்கள் மூதாதையருக்கு அன்பளிப்பாகத் தந்தது என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த கதை.

நன்னா மறைந்ததும் துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைத்தோம். மாமா தம் பெயருக்கு உரிமம் பெற்று, தோப்பில் புகும் பன்றிகளை விரட்டப் புதிய தோட்டாக்களை இட்டுச் சுட எண்ணியிருந்தார். வணிகரோ, "முதலில் இது இன்னதென்று அறிந்து கொள்ளுங்கள்" என்று கூறி, குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்துச் சிறு முத்திரைகளைப் படமெடுத்துத் தந்தார். அப்படங்களுடன்தான் நான் பயணமானேன்.

பர்மிங்ஹாமின் ஒரு பகுதிக்கே துப்பாக்கிப் பேட்டை என்று பெயர். ஒருவர் குழல் செய்வார், மற்றொருவர் பூட்டு, வேறொருவர் மரக்கட்டை. தெருத் தெருவாகப் பல கைகள் மாறியே ஒரு துப்பாக்கி உருவாகும். 1960-களில் சாலை விரிவாக்கத்திற்காகப் பல பட்டறைகள் இடிக்கப்பட்டன. எனினும், 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட துப்பாக்கிக் குழல் சோதனைச் சாலை பான்பரி தெருவில் இன்றும் இயங்குகிறது. வாயிலின் மேல் படைக்கலச் சிற்பம் அணி செய்யும் செங்கற் கட்டடம் அது.

வழக்கத்தினும் மிகுதியான மருந்தை இட்டுக் குழலைச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமலும் வீங்காமலும் தேறிய குழலுக்கே முத்திரை கிட்டும். அங்கிருந்த முதியவர் ஒருவர் என் படங்களைக் கண்ணாடி வைத்து நோக்கினார். கிரீடமும் அதன்கீழ் குறுக்காக அமைந்த இரு செங்கோல்களும், இடையே பி.பி.சி. என்ற எழுத்துகளும் தெரிந்தன.

"இஃது எங்கள் முத்திரையே; 1904-க்கு முன்னர் வழங்கியது. மேலே உள்ள பெயர் விற்றவருடையது, செய்தவருடையது அன்று" என்றார். தோட்டா அறையைக் குறிக்கும் சாய்சதுர முத்திரை 1887-ல் வந்தது; எங்கள் குழலில் அது இல்லை. கீழ்ப்பிடியோ இதே நகரின் ஹென்றி ஜோன்ஸ் 1859-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஆகவே துப்பாக்கியின் பிறப்பு பெரும்பாலும் இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில்தான்.

வாசகர்களே, என் நெஞ்சம் துணுக்குற்றது. நவாப் குலாம் கவுஸ் கான் மறைந்தது 1855-ல் அல்லவா!

முதியவர் மேலும் ஒன்று கூறினார். அக்கோலங்கள் 'டமாஸ்கஸ்' எனப்படுபவை. இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டைகளைக் கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். துருக்கியரின் கைவண்ணத்தைக் கண்டு ஐரோப்பியர் கற்ற கலை. ஆனால் அது கருமருந்துக்கெனச் சோதிக்கப்பட்டது. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்திற்கு அது தேறியதற்கான முத்திரை ஏதும் அதில் இல்லை. "சுட்டால் குழல் பிளந்து கை போகலாம்" என்றார். மாமாவின் கை என் கண்முன் வந்து நின்றது.

ஊர் திரும்பியதும் நன்னியிடம் தயங்கித் தயங்கி உண்மையை உரைத்தேன். அவர் புன்னகைத்தார். "நவாப் தரவில்லையென்றால், உங்கள் முன்னோர் உழைத்த ஹலாலான காசில் வாங்கியிருப்பார். அதிலென்ன குறைவு?" என்றார். மாமா புதிய தோட்டா வாங்கும் எண்ணத்தை அன்றே கைவிட்டார்.

உங்களிடமும் இத்தகைய ஆயுதம் இருப்பின், உரிமம் உடையவர் மறைந்தவுடன் தாமதியாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படையுங்கள்; 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வலியுறுத்துவது இதுவே. பழம்பொருள்தானே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தேய்த்து மெருகேற்றாதீர்கள், முத்திரை அழிந்தால் சாட்சியும் அழியும். தேர்ந்தவர் சொல்லும் வரை தோட்டா இடவே வேண்டாம்.

முன்னோர் விட்டுச் சென்ற பொருள் நம்மிடம் அமானிதம். அதைப் பற்றிய உண்மையும் அவ்வாறே.