பையைத் தொலைத்த பூனைக்குட்டி

‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று தமிழ் மேடையில் ஒருவர் முழங்கினால், எந்தப் பூனை, எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை. எதிராளியின் உள்நோக்கம் அம்பலமாயிற்று என்பது உடனே விளங்கிவிடுகிறது. ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்னும் ஆங்கில மரபுத்தொடரின் தமிழ் வாரிசு அது.

ஆங்கிலத்தில் இத்தொடருக்கு 1760ஆம் ஆண்டிலேயே அச்சுச் சான்று உண்டு. பன்றிக்குட்டி என்று சொல்லிச் சாக்கில் பூனையைக் கட்டி விற்ற சந்தை மோசடியே இதன் மூலம் என்பது பலரும் கூறும் கதை. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘சாக்கில் பூனை வாங்குதல்’ என்றால், பாராமல் வாங்கி ஏமாறுதல் என்றே பொருள்.

தமிழுக்கு வந்தபோது மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. பூனை குட்டியாயிற்று, பை மறைந்தது, பையைத் திறந்தவரும் மறைந்தார். பை மறைந்ததற்கு மொழியியலில் விளக்கம் உண்டு. நன்பர்க், சாக், வாசோ ஆகிய மூவரும் 1994இல் எழுதிய கட்டுரை, உறுப்புகளுக்குத் தனித்தனியே பொருள் கொள்ளத்தக்க மரபுத்தொடர்களைப் பிற மரபுத்தொடர்களிலிருந்து வேறுபடுத்தியது. இங்கே பூனை இரகசியம், பை மறைவிடம். ‘வாளியை உதைத்தல்’ என்று ஆங்கிலத்தில் இறப்பைச் சொல்லும் தொடரை இவ்வாறு பிரிக்க இயலாது. பிரிக்க முடிந்ததால்தான் பையை விட்டுவிட்டுப் பூனை மட்டும் தமிழில் பிழைத்தது.

மூன்றாம் மாற்றமே மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கிறது. ஆங்கிலத்தில் பூனையை விடுபவர் பெரும்பாலும் வாய்தவறியவர். அம்மாவுக்கு வாங்கி வைத்த பரிசைப் பற்றி உளறிவிடும் குழந்தைக்கும் அத்தொடர் பொருந்தும். தமிழிலோ அது குற்றச்சாட்டு. அக்குழந்தையைப் பற்றிய வாக்கியத்தில் பூனைக்குட்டியை இட்டால் வெகுளித்தனம் சூழ்ச்சியாகிவிடும். வாக்குமூலத்தில் இதே பிழை நேர்ந்தால், வருந்துபவர் சதிகாரராகத் தோன்றுவார். ‘வாய்தவறிச் சொல்லிவிட்டேன்’ என்பதே அங்கு உரியது.

‘குட்டு உடைந்தது’, ‘சாயம் வெளுத்தது’ என்பன இருக்க, இந்த இரவல் எதற்கு என்று கேட்பாரும் உளர். சாயம் வெளுப்பது போலி வேடத்திற்கு. குட்டு உடைவது மறைத்த செயலுக்கு. பூனைக்குட்டி வெளிவருவது இன்னும் நிறைவேறாத நோக்கத்திற்கு. மூன்றுக்கும் தமிழில் வேலை இருக்கிறது.

1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில்தான் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் இயங்குகிறது. அத்தகைய இடங்களில் பயில்வோர் முதலில் ஐயுற வேண்டியது, சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் தொடர்களையே. அறிமுகமற்ற தொடர் அகராதியைத் தேட வைக்கும். அறிமுகமான தொடர் தேடவே விடாது.