கீரைக்கட்டும் குற்றப்பதிவும்

இந்நாட்டுக்கு வந்த புதிதில், வெம்பிளி ஹை றோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த கடையொன்றில் நாம் இரவு வேலை செய்தோம். ஊரில் வகுப்பறையில் வரலாறு படிப்பித்த வாய், இங்கே பியரின் விலையும் சிகரெட்டின் விலையும் சொல்லப் பழகிக்கொண்டது. கடையின் வருவாயிற் பெரும்பகுதி மதுப்போத்தல்களிலிருந்தே வந்தது. இலண்டனில் எம்மவர் நடத்தும் கடைகள் பலவற்றின் நிலையும் அதுதான். மது விற்பதற்கான அனுமதிப்பத்திரம் சுவரிலே தொங்கும். அதற்குச் சற்று மேலே பிள்ளையார் படமும் தொங்கும்.

அந்நாளில் வாடகைக்கார் ஓட்டும் சோமாலியர் ஒருவர் நள்ளிரவு தாண்டி வந்து குளிர்பானம் வாங்குவார். மது தொடாதவர். அவருடைய கக்கத்தில் வாழையிலையிற் சுற்றிய கட்டொன்று இருக்கும். நாம் அதை ஏதோ கீரை என்றே முதலில் எண்ணினோம். வாழையிலையைக் கண்ட மகிழ்ச்சியில் கேட்டபோதுதான் அது 'காத்' என்னும் இலை என்று அறிந்தோம். கென்யாவின் மேரு மலைப்பகுதியில் விளைவது. பறித்த இரண்டொரு நாளில் வீரியம் குன்றிவிடுவதால் விமானத்தில் ஹீத்றோவுக்கு வந்து இறங்குவது. எமக்கும் இரண்டு காம்புகள் தந்தார். வேப்பங்குச்சியை மென்றதுபோற் கசந்தது. அன்று காலை வேலை முடிந்து வீடு சென்றும் நண்பகல்வரை உறக்கம் வரவில்லை. எம் ஊர்ப் பெரியவர்களின் வெற்றிலை புகையிலைத் தட்டம்போல, அவர்களுக்கு இது கூடிப் பேசுவதற்கான பொருள் என்று விளங்கிக்கொண்டோம்.

அது அப்போது குற்றமன்று. மரக்கறிபோல வரி கட்டி இறக்குமதியானது. 2013 தை மாதத்தில், போதைப்பொருள் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் சபை, இதைத் தடைசெய்யப் போதிய சான்று இல்லையென்று அறிவித்தது. ஆயினும் உள்துறை அமைச்சராயிருந்த தெரேசா மே அதை ஏற்கவில்லை. நெதர்லாந்தும் ஏனைய நாடுகளும் தடுத்துவிட்டபடியால் பிரித்தானியா கடத்தலுக்கு நடுநிலையமாகிவிடும் என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. 2014 ஆனி 24 முதல் அந்தக் கீரைக்கட்டு 'சி' வகுப்புப் போதைப்பொருளாயிற்று. விற்றால் 14 ஆண்டுகள் வரை சிறை. முதன்முறை கையில் வைத்திருந்து பிடிபட்டால் எச்சரிக்கை, அடுத்த முறை 60 பவுண் தண்டம்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். தடையைக் கேட்டவர்களிற் சோமாலியப் பெண்களும் இருந்தனர். இரவு முழுவதும் ஆண்கள் இலை மென்று கூடியிருக்க, வீட்டையும் பிள்ளைகளையும் தனியே சுமந்தவர்கள் அவர்கள். கள்ளுத் தவறணை வாசலிற் கணவனைத் தேடி நின்ற பெண்களைக் கண்டு வளர்ந்த நாம், அவர்களைக் குறைகூற மாட்டோம். ஆனால் தடைக்குப் பின் நடந்தது என்ன? எம் நண்பரின் சொற்படி, மூன்று பவுணுக்கு வாங்கிய கட்டு பன்மடங்கு விலை ஏறியது. அதையும் கடையில் அல்ல, யாரென்று அறியாத இளைஞரிடம் கார்க் கதவினூடாக வாங்க வேண்டியிருந்தது. அவர் விட்டுவிட்டார். விடாதவர்கள் அந்த இளைஞருக்கு வாடிக்கையாளர் ஆனார்கள்.

இதெல்லாம் பிறர் கதை என்றே இருந்தோம். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஊரில் எம்மிடம் படித்தவர். இங்கே இன்று சொந்தக் கடை வைத்திருப்பவர். "மாஸ்ரர், பொடியனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது" என்றார். பத்தொன்பது வயது மகனின் சட்டைப்பையில் சிறு பொட்டலம் கஞ்சா. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பையன் இந்நாட்டுக் குடிமகன். அது அவன் நற்பேறு. வதிவிட உரிமை முடிவாகாமற் காத்திருக்கும் எம் இளைஞர் ஒருவர் போதை விற்றார் என்று பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், 2007ஆம் ஆண்டின் எல்லைச் சட்டத்தின்படி நாடுகடத்தல் தேடி வரும். நண்பர்களுக்காக வாங்கிப் பகிர்ந்ததும் 'விற்பனை' எனக் கொள்ளப்படலாம் என்பதைப் பெற்றோரிற் பலர் அறியார்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தகப்பன் விமானச்சீட்டு எடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மாமன் வீட்டில் ஆறு மாதம் இருந்தாற் திருந்துவானாம். எமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வடமராட்சிக் கரையில் கேரளக் கஞ்சா மூட்டைகள் பிடிபடுவதும், ஹெரோயினும் ஐசும் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்டதும் அவர் படிக்கும் பத்திரிகைகளில் வராத செய்தியா? பையன் அதுவரை பேசவில்லை. பின்பு எம்மைப் பார்த்து, "மாஸ்ரர், அப்பாவின்ர கடையில விக்கிறதும் போதைதானே?" என்றான். தகப்பன் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அக்கடையைப்போன்ற கடையில் ஊதியம் பெற்ற நாமும் மறுமொழி சொல்லவில்லை.

அன்றிரவு பழைய வரலாற்றுப் பாடங்கள் நினைவுக்கு வந்தன. வங்காளத்தில் அபினைத் தன் ஏகபோகமாக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டதும் இதே பிரித்தானிய ஆட்சிதான். 1893இல் அது அமைத்த கஞ்சா ஆணைக்குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டபின், தடைசெய்ய வேண்டாம், வரி விதித்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது. வருவாய் தரும்போது ஒரு நீதி, தராதபோது வேறு நீதி என்று தோன்றுகிறது.

ஆயினும் எல்லாவற்றையும் கடையில் அடுக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையாக விற்கிறது. அப்படியிருந்தும் 2024 ஆனியில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். மலிவாய்க் கிடைத்தால் நஞ்சையும் வாங்குவர். கனடாவிலுள்ள எம் உறவினர் 2018 முதல் கஞ்சாவைச் சட்டப்படி வாங்கலாம். களவுச் சந்தை அங்கே ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. எம் மனத்துக்கு ஒத்தது 2001இல் போர்த்துக்கல் எடுத்த வழி. விற்பது அங்கே இன்றும் குற்றம். பத்து நாள் பாவனைக்கு மேற்படாத அளவுடன் பிடிபட்டவர் நீதிமன்றத்துக்கன்றி, சட்டமும் மருத்துவமும் சமூகப்பணியும் அறிந்தோர் கொண்ட குழுவின்முன் அமர்கிறார். ஊசியால் எச்.ஐ.வி. தொற்றியவர்களின் தொகை அந்நாட்டில் பெரிதும் வீழ்ந்தது.

அப்படியான குழுவொன்று வெம்பிளியில் இல்லை. ஆகையால் பையனை நாமே வாரம் ஒருமுறை வரச் சொன்னோம். பேசுகிறான், சில கிழமைகள் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போகிறான். விட்டுவிட்டானா என்று நாம் கேட்பதில்லை. விமானச்சீட்டை இரத்துச் செய்தபோது தகப்பனுக்குப் பாதிப் பணம்கூடத் திரும்பவில்லை. அந்தக் கணக்கை எம்மிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.