கழிந்த மணியும் எஞ்சிய மணியும்

மணி எத்தனை என்று வினவினால் அதற்கு ஒரு விடைதான் உண்டென நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இஸ்லாமிய நாடுகளிலே பண்டு அமைக்கப்பெற்ற நிழற் கடிகாரங்களைப் பற்றிப் படிப்போர், ஒரே கணத்திற்குப் பல மணிக் கணக்குகள் வழங்கியமை கண்டு வியப்புறுவர்.

அவற்றுள் பழமையானது பருவத்தோடு மாறும் மணி. சூரியோதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டு சம கூறுகளாக்கி, கூறு ஒன்றை ஒரு மணியெனக் கொள்வர். பகல் நீண்டால் மணியும் நீளும். பகல் குறுகினால் மணியும் குறுகும். தமாஸ்கஸ் நகரின் மிக நீண்ட பகல் 14 மணித்தியாலத்திற்குச் சற்று மேற்பட்டது; மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 10 மணித்தியாலம். ஆகவே அந்நகரில் ஆனி மாதத்து மணி நம் கணக்கில் 70 நிமிடத்தைக் கடக்கும். மார்கழி மாதத்து மணி 50 நிமிடத்தை ஒட்டி நிற்கும்.

இதனை வகுப்பிலே கூறியபோது, "இழுத்தால் நீள இது மணியோ இறப்பரோ, ஐயா?" என்றான் ஒரு மாணவன். நகைப்பு அடங்கிய பின், இராகு காலம் கணிப்போர் பகலை எட்டாகப் பகுப்பதும் இம்முறையை ஒத்ததே என்று விளக்கினோம்.

மற்றொரு முறை, இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளை 24 சம மணிகளாக்குவது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே இங்கு எழும் வினா. உதயத்திலிருந்து எண்ணலாம், உச்சிப்பொழுதிலிருந்து எண்ணலாம், அத்தமனத்திலிருந்தும் எண்ணலாம். இஸ்லாமிய மரபில் நாள் பிறப்பது அத்தமனத்திலேயாதலின், கடைசிக் கணக்கு பெரிதும் வழங்கிற்று. உதுமானியப் பேரரசில் சூரியன் மறையும் வேளையே பன்னிரண்டு மணி. அதற்கிசையக் கடிகார முட்களை அடிக்கடி திருத்தி வைத்தனர். 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் இயற்றிய சட்டத்தினாலேயே துருக்கி அக்கணக்கை விடுத்தது.

இக்கணக்குகள் பலவற்றை ஒரே கல்லிலே பொறித்தவர் இப்னு அல்-ஷாத்திர். தமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலிலே தொழுகை நேரங்களைக் கணிக்கும் பணியை ஆற்றிய வானநூலறிஞர் இவர். ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமுமுடைய சலவைக் கற்பலகையில் 1371-72இல் இதனை அமைத்தார். நிழல் வீழ்த்தும் கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தினார். உதித்தபின் கழிந்த மணி, மறைவதற்கு எஞ்சிய மணி, உச்சிக்கு முன்னும் பின்னுமான மணி ஆகியவற்றைக் கோடுகள் காட்டின. மூலக் கல் பின்னாளில் உடைந்துபோக, 1876இல் அதனைப் போன்ற வேறொன்று செய்து வைக்கப்பட்டது.

இத்தனை கணக்கும் வீண் ஆடம்பரமல்ல. அஸர்த் தொழுகையின் தொடக்கத்தை நிழலே உணர்த்தும். நம் நாட்டு முஸ்லிம்களுட் பெரும்பாலோர் தழுவும் ஷாபிஈ நெறிப்படி, உச்சிவேளை நிழலுக்கு மேலாகப் பொருளின் நீளமளவு நிழல் வளர்ந்ததும் அந்நேரம் பிறக்கும். நோன்பாளிக்கோ, மறைவுக்கு எஞ்சிய நேரமே வேண்டுவது. ஒவ்வொருவர் தேவைக்கும் ஒவ்வொரு கோடு.

ஒருநாள் மாணவருடன் முற்றத்திலே கம்பு நாட்டி, உச்சி நிழலைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக் காத்திருந்தோம். நிழல் கம்பின் அளவு வளர்ந்ததும், தொழுகை நேர அட்டவணையைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் மாணவன், "சரி, ஐயா!" என்று கூவினான்.

கழிந்த மணி, எஞ்சிய மணி என்ற இரு கோடுகளும் எமது நெஞ்சிலே தங்கிவிட்டன. எண்பது வயதைக் கடந்த எம் அன்னையார் கிராமத்தில் வாழ்கின்றார். விடுமுறையில் நாம் வாயிலிற் கால் வைத்ததும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "தம்பி, எத்தினை மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போவாய்?" என்பதே. வந்து எத்தனை மணியாயிற்று என்று நாம் எண்ணுகின்றோம். அவரோ எஞ்சிய மணியை எண்ணுகின்றார். கடிகாரத்தை அவர் பார்ப்பதில்லை. மாமர நிழல் கிணற்றடியைத் தொட்டதும், எமக்குக் கட்டுச்சோறு கட்ட எழுந்துவிடுவார்.