வெலிங்டனிலிருந்து ஒரு கடிதம்

குன்னூர்,
சனி இரவு

அன்புள்ள சரசு,

காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். மலை ரயிலில் இடமில்லை. பஸ்ஸில் பர்லியாறு வரும் முன்பே இவருக்குத் தலை சுற்றிவிட்டது. அதை விடு, நேராக வெலிங்டனுக்கு வருகிறேன்.

1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இங்கேதான். பையனுக்கு இன்று சத்தியப் பிரமாண அணிவகுப்பு. தமிழும் மலையாளமும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டிருந்த அம்மாக்கள், அணி உள்ளே வந்ததும் வாயடைத்துப் போனோம். எல்லாம் ஒரே கிராப்பு, ஒரே நடை. பெற்றவளுக்கே பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று மைதானமே அதிர்ந்தது. வீட்டில் கோழி அறுத்தால் கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறவன் அவன். அந்தக் குரலில் அவன் குரலும் இருந்தது.

நம் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பென்ஷனோடு திரும்பினார்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலே வருஷம். நூறு பேரில் அதிகபட்சம் 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சத்தோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான், பென்ஷன் கிடையாது. உயிருக்கு ஏதாவது ஆனால் 48 லட்சம் காப்பீடு என்று இவர் படித்துக் காட்டினார். பேப்பரைப் பிடுங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் தந்தி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அந்த 25இல் இவனும் இருக்கவேண்டும் என்று வேண்ட வாயெடுத்தேன். அப்படி வேண்டினால், இன்னும் பல வருஷம் இவன் எல்லையில் நிற்கட்டும் என்றுதானே அர்த்தம்? வேண்டாமென்றால் இருபத்திமூணு வயசில் வேலை தேடி அலைவான். எதைக் கேட்பது? கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பெருமையாக இல்லையா என்று இவர் கேட்கிறார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதற்காகப் பயம் குறைந்துவிடுமா?

அவன் லீவில் எங்களோடுதான் வருகிறான். பஸ் ஸ்டாண்டில் ப்ளெக்ஸ் வைக்கப்போவதாக உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். வேண்டாம் என்று நீதான் சொல்லவேண்டும். முதல் இரண்டு நாள் யாரும் வரவேண்டாம், பிள்ளை தூங்கட்டும்.

உன்,
வசந்தா