முந்தானையும் மூக்குக் கண்ணாடியும்

கூசாமல் இருக்க 'கோட்டிங்' போட்ட புதுக் கண்ணாடி வாங்கினேன். நம்ம வழக்கம்தான் தெரியுமே! சமையல் நடுவில் ஆவி படிந்தால் முந்தானையால் ஒரு துடைப்பு. ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்கக் கீறல்.

"தூசியோடு துடைச்சா அதுதாம்மா கீறும். முதல்ல தண்ணியில கழுவணும்" என்றாள் என் மகள். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவள். வெளியூரில் எம்.எஸ்ஸி. படிக்க நான் சம்மதிக்காததால் இரண்டு வாரமாக என்னோடு பேசாதவள், அன்றுதான் வாய் திறந்தாள்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லிவர்மோர் என்ற ஊரில் பிரம்மாண்டமான லேசர் கூடம் இருக்கிறதாம். 192 கதிர்களின் சக்தியால் மிளகளவு உருண்டைக்குள் இருக்கும் ஹைட்ரஜனை நசுக்கி, சூரியனில் நடப்பதுபோல் அணுக்களை இணைய வைக்கிறார்களாம். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளி பாய்ச்சியதற்கு 3.15 மெகாஜூல் சக்தி வெளிவந்ததாம். லேசரை இயக்கச் செலவான மின்சாரம் இதைவிட மிக அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

கதிர்களைத் திருப்பும் கண்ணாடிகளுக்கு உலோகப் பூச்சு உதவாது. ஒளியை உறிஞ்சிச் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் ஹாஃப்னியம் ஆக்சைடையும் சிலிக்காவையும் காற்றில்லாத அறையில் ஆவியாக்கி, மாற்றி மாற்றிப் படிய வைக்கிறார்கள். குக்கர் மூடியில் ஆவி படிகிற மாதிரி! ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைத் திருப்ப, எல்லாம் சேர்ந்து அநேகமாக முழுவதையும் திருப்பிவிடும். லென்சுகளுக்கோ எதிர்மாறு. ஒளி தடையில்லாமல் உள்ளே போக, சிலிக்கா கலந்த திரவத்தில் முக்கி எடுப்பார்களாம்.

பூச்சுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி சிக்கினால் போதும். மேலே படியும் அடுக்கெல்லாம் அங்கே மேடாகும். ஒளி அந்த இடத்தில் குவிந்து, குழி விழுந்துவிடும்.

"கூசாத கண்ணாடிக்கு வழிகாட்டினவங்கள்ல ஒருத்தர் பெண்தாம்மா" என்றாள். காதரீன் பிளாட்ஜெட் என்ற அந்தம்மாள் 1938இல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில், ஒரு மூலக்கூறு கனமே உள்ள 44 படலங்களைக் கண்ணாடிமேல் படிய வைத்து அதைச் சாதித்தாராம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'பெண் பிள்ளைக்கு எதுக்கு இத்தனை படிப்பு' என்ற தூசி என் மனசில் எந்த வயதில் சிக்கியதோ? அதன்மேல் எத்தனை அடுக்கு படிந்துவிட்டது!

காலையில் அவள் அப்பாவிடம் நானே பேசினேன். விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கக் கண்ணாடியைத் தேடினேன். இந்தத் தடவை தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன்.