அத்தி மரத்துக் கழலை

மரத்தில் கட்டி தோன்றினால் அதைச் சீவி எறிந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். வீட்டு வாயில்களில் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கப்படும் பெஞ்சமின் அத்தியைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பலிப்பதில்லை.

நமது பங்கு இல்லத்து அத்தியில், கவாத்து செய்த இடங்களில் கொட்டைப்பாக்களவு முடிச்சுகள் கண்டன. முதலில் வெளிறி மென்மையாயிருந்தவை, நாளடைவில் பழுப்பேறிக் கரடுமுரடாக இறுகின. "கத்தியால் சீவிவிடுகிறேன், சாமி" என்றார் தோட்டத்தைப் பேணும் முதியவர். வேளாண்மை பயின்ற அன்பர் ஒருவரோ, இது பாக்டீரியாவால் வரும் கழலை நோய் என்றார்.

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை 1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான எர்வின் சிமித்தும் டவுன்செண்டும் ஒருவகைச் சாமந்தியினச் செடியில் கண்டறிந்தனர். பெஞ்சமின் அத்தியின் கிளைகளில் வரும் கழலைகளிலிருந்து புளோரிடாவில் பிரித்தெடுக்கப்பட்ட தனியினம் ஒன்றுக்கு 2001இல் அக்ரோபாக்டீரியம் லாரிமூரை என்று பெயரிட்டனர். லாரி மூர் என்னும் தாவர நோயியல் அறிஞரைச் சிறப்பிக்கும் பெயர் அது.

காயமே இதற்கு வாயில். வெட்டுண்ட திசுவிலிருந்து கசியும் பொருள்களை உணர்ந்து பாக்டீரியா அங்கே ஒட்டிக்கொள்கிறது. தன் மரபுப் பொருளின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திவிடுகிறது. அதன்பின் அவ்வணு வளர்ச்சி ஊக்கிகளை அளவின்றிச் சுரக்கிறது. அதுமட்டுமா, பாக்டீரியா உண்ணத்தக்க தனிவகை உணவையும் சமைத்துக் கொடுக்கிறது! வீட்டுக்காரனையே சமையற்காரனாக்கும் விருந்தாளி என்க. பாக்டீரியா அறவே நீங்கிய கழலைத் திசுவும் தானே பெருகுவதை 1940களில் ஆர்மின் பிரௌன் காட்டினார். உட்புகுந்த அத்துண்டே அதற்குக் காரணம் என்பதை 1977இல் மேரி டெல் சில்ட்டன் குழுவினர் மெய்ப்பித்தனர்.

ஆகவே கழலையைச் சீவுவது தீர்வன்று. சீவிய இடம் புதிய காயமாகிறது. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. மனிதருக்கு இதனால் தீங்கில்லை. வளர்ந்த மரம் உடனே மடிந்துவிடுவதுமில்லை. பின்னர் ஏன் அகற்ற வேண்டும் என்று வாசகர் வினவலாம். பாக்டீரியா மண்ணில் நெடுநாள் தங்கும். கத்திரியோடு செடிவிட்டுச் செடி தாவும். அதனினும் கொடிது, நோய்க்குறி ஏதுமில்லாத கிளைக்குள்ளும் அது மறைந்திருக்கக்கூடும்.

இதுவே நமக்குச் சங்கடமாயிற்று. அம்மரத்தின் போத்துகளைப் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம். புதுவீடு கட்டிய தாய் ஒருவர், "நல்ல கிளையாகப் பார்த்து ஒன்றாவது கொடுங்கள், சாமி" என்று கெஞ்சினார். மறுத்தோம். அவர் முகம் வாடியதைக் காண நமக்கும் வருத்தமே. வேரோடும் தொட்டி மண்ணோடும் மரம் அகற்றப்பட்டது.

கவாத்துக் கத்திரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே எழுபது விழுக்காட்டு ஆல்ககாலில் துடைக்கச் சொல்லியிருக்கிறோம். ரோஜாவும் இக்கழலைக்கு எளிதில் இடங்கொடுக்கும் செடி. முற்றத்து ரோஜாக்களின் அடித்தண்டைக் குனிந்து பார்ப்பதே இப்போது முதியவருக்குக் காலையில் முதல் வேலை.